ஏஐ உரையாடலை அழித்தால் தடயம் இருக்காதா?

“அலுவலக ஆவணத்தை ஏஐ உதவியாளரிடம் ஒட்டி வேலையை முடித்துவிட்டு, அந்த உரையாடலை (சாட்) அழித்தால் போதும், தடயமே இருக்காது” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

அழித்தவுடன் அது மறைவது உங்கள் திரையிலிருந்துதான். சாட்ஜிபிடியில் அழித்த உரையாடல் சர்வரிலிருந்து நீங்க 30 நாள் வரை ஆகலாம் என்று அதை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனமே சொல்கிறது. அந்த நிறுவனத்தின் மீது நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தொடர்ந்த வழக்கில், பயனர்கள் அழித்தவற்றையும் பாதுகாத்து வைக்கும்படி 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது; அது சில மாதங்கள் நடப்பில் இருந்தது.

சரி, அதற்காக ஏஐயே வேண்டாம் என்றில்லை. உங்கள் அலுவலகம் ஏஐ நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டுத் தந்த கணக்கைப் பயன்படுத்துங்கள். புகார்க் கடிதத்துக்குப் பதில் எழுத வாடிக்கையாளரின் பெயரும் போன் எண்ணும் எதற்கு? ‘வாடிக்கையாளர் அ’ என்று மாற்றி ஒட்டினாலே நல்ல பதில் வரும். பாஸ்வேர்டை மட்டும் எந்தக் கணக்கிலும் ஒட்டவே கூடாது.