டிராயரும் திறக்கல, புரட்டாசியும் போச்சு

"புது அடுப்படி புரட்டாசிக்கு முன்னாடி முடிஞ்சிடும் ஆன்ட்டி" என்று கப்போர்டுக்காரர் சொன்னது ஆடி மாசம். எந்த வருஷத்துப் புரட்டாசி என்று கேட்காமல் விட்டது என் தப்பு.

தென்னாப்பிரிக்கா டர்பனில் இருப்பவர்களுக்குப் புரட்டாசி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராத வீட்டில்கூட அந்த மாசம் கறி அடுப்பேறாது. அவர் வாக்கை நம்பித்தான் 70 சதவீதம் முன்பணம் கட்டினேன். பணம் ஏறிய மறுநாளே ஆள் வந்து பழைய அடுப்படியை இடித்துப் போட்டார்கள். இடிப்பதில் மட்டும் என்ன சுறுசுறுப்பு! அதோடு சரி. புரட்டாசி முழுக்கக் காராஜில் ஒற்றை கேஸ் அடுப்பு, பாத்திரம் தேய்ப்பது குளியல் தொட்டியில் குனிந்து. சாம்பார்ச் சட்டியைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது எங்க வீட்டுக்காரர் எதிரே வந்து, "குளிக்கணுமே?" என்பார். அவர்மேல் விழுந்த திட்டெல்லாம் உண்மையில் கப்போர்டுக்காரருக்குச் சேர வேண்டியது.

போன் பண்ணினால் "ஜஸ்ட் நவ் வர்றேன் ஆன்ட்டி." இந்த ஊருக்கு வந்து 14 வருஷம் ஆகியும் எனக்குப் புத்தி வரவில்லை. ஜஸ்ட் நவ் என்றால் இப்போது இல்லை என்று அர்த்தம். நவ் நவ் என்றால் கொஞ்சம் நம்பலாம். வெறும் ஜஸ்ட் நவ் என்றால் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்கமும் போடலாம்.

ஒருவழியாக தீபாவளி நெருக்கத்தில் கீழ்க் கப்போர்டுகள் வந்து இறங்கின. இனி அவற்றின் மேல் மேடைக் கல் பதிக்க வேண்டியதுதானே? கிடையாது. கப்போர்ட் எல்லாம் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, சுவரோடு முடுக்கி முடித்த பிறகுதான் கல்காரர் அளவெடுக்க வருவார். இது நியாயம்தான், குறை சொல்ல மாட்டேன். எங்கள் சாட்ஸ்வொர்த் வீடு 1960களில், இனவாரியாக ஊரைப் பிரித்த சட்டத்தால் விரட்டப்பட்ட இந்தியர்களைக் கொண்டுவந்து போடக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. மூலைமட்டம் வைத்தால் ஒரு மூலைகூட மூலையாக இருக்காது. வரைபடத்தை நம்பிக் கல்லை வெட்டினால் நாறிப்போகும்.

ஆனால் அளவெடுக்கும் அன்றைக்கு சிங்க்கும் அடுப்பும் வீட்டில் தயாராக இருக்க வேண்டும், அதை வைத்துத்தான் ஓட்டை வெட்டுவோம் என்று ஒரு பிரகஸ்பதியாவது முன்கூட்டிச் சொன்னதா? வந்தவர் சுற்றிமுற்றிப் பார்த்தார். "சிங்க் எங்கே?" கடையில். "அப்போ அது வந்ததும் கூப்பிடுங்க." வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டார். மறுபடி அவர் வர மூன்று வாரம். அளவெடுத்த பிறகு வெட்டிக் கொண்டுவர பத்து வேலை நாள். பத்து நாளை எண்ணிப் பார்த்தால் டிசம்பர் நடுவில் போய் நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் நடுவில் என்ன நடக்கும்? கட்டட வேலைக்காரர்கள் அத்தனை பேரும் கூண்டோடு விடுமுறையில் போவார்கள். ஜனவரி வரைக்கும் ஒரு ஆணி அடிக்க ஆள் கிடைக்காது.

ஊரிலிருந்து அம்மா வேறு வாட்ஸ்அப்பில். "அடுப்பு அக்னி மூலையிலதானே வருது?" அம்மா, இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. அக்னி மூலை தென்கிழக்கிலேயே இருக்குமா, இடம் மாறுமா என்று நீயே ஜோசியரிடம் கேட்டுச் சொல் என்றேன். இன்னும் பதில் வரவில்லை.

கல் ஜனவரி கடைசியில் வந்தது, தைப்பூசம் நெருங்குகிற சமயம். ஒரே பலகை, 70 கிலோவுக்குக் குறையாது. நாலு பேர் சேர்ந்து தூக்கிவந்து வைத்து, சிலிகோன் பசை தடவி ஒட்டி, துடைத்து முடித்தார்கள். அழகாகத்தான் இருந்தது. கூட வந்த ஜூலு பையன் ஒருவன்தான், யாரும் சொல்லாமலே, அடுப்புக்குப் பக்கத்து மேல் டிராயரை இழுத்துப் பார்த்தான். ஒரு விரற்கடை வந்தது. டொக். மறுபடி இழுத்தான். டொக். என் முகத்தைப் பார்த்து மெதுவாக "ஹாயிபோ" என்றான், நம்ம ஊர் "அடக் கடவுளே" மாதிரி.

நான் எடுத்தது 20 மில்லிமீட்டர் கனமுள்ள குவார்ட்ஸ் என்கிற செயற்கைக் கல் பலகை. பார்க்கத் தடியாகத் தெரியட்டும் என்று முன்விளிம்பில் மட்டும் இன்னொரு பட்டையை அடியில் ஒட்டி 40 மில்லிமீட்டர் ஆக்குவார்கள். ஷோரூம் பெண் "இதுதான் இப்போ எல்லாரும் போடறாங்க" என்று தடவித் தடவிக் காட்டியது அந்த விளிம்பைத்தான். அந்தப் பட்டை டிராயர் முகப்புக்கு முன்னால் தொங்கும். எனவே ஒன்று, கப்போர்டின் மேல் 20 மில்லிமீட்டர் கட்டை கொடுத்துக் கல்லைத் தூக்க வேண்டும். இல்லை, டிராயர் முகப்பை அந்த அளவுக்குக் குட்டையாகச் செய்ய வேண்டும். இது தொழில் பழகும் பையனுக்குக்கூடத் தெரிகிற கணக்கு. கப்போர்டுக்காரர் வரைபடத்தில் சாதாரண 30 மில்லிமீட்டர் கல் என்று இருக்கிறது. கல்காரர் கொட்டேஷனில் 20, விளிம்பு 40 என்று இருக்கிறது. இரண்டு தாளும் என் ஃபைலில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. அளவெடுக்க வந்த மனிதர் அந்த டிராயரின் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டுதான் அளவெடுத்தார்!

கல்காரரைக் கேட்டால், "நாங்க கொட்டேஷன்ல இருக்கிறபடி செஞ்சிருக்கோம் மேடம்." கப்போர்டுக்காரரைக் கேட்டால், "எங்க டிராயிங்ல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க ஆன்ட்டி." அப்புறம் இரண்டு பேரும் ஒத்திகை பார்த்த மாதிரி ஒரே வசனம்: "இதை நீங்க எங்ககிட்ட சொல்லியிருக்கணும்." நான்! நான் ஒரு ஸ்கூலில் கணக்கு வழக்கு பார்க்கிறவள். எனக்கு எப்படி ஐயா தெரியும், உங்கள் பட்டை அவர் டிராயரை இடிக்கும் என்று? காசும் கொடுத்து, சம்பளமில்லாத மேஸ்திரி வேலையும் நானே பார்க்க வேண்டுமா?

கல்காரர் பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொன்னார். வீட்டிலேயே கிரைண்டர் வைத்து அந்தப் பட்டையை அரைத்து எடுத்துவிடலாமாம். குவார்ட்ஸ் பலகையில் 90 சதவீதத்துக்கு மேல்கூட சிலிக்கா இருக்கும். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்றுதான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்தது. தண்ணீர்கூட விடாமல், நான் சோறு பொங்குகிற இடத்தில் அரைப்பார்களாம். அந்தப் பையன்களுக்கு முகமூடிகூடக் கிடையாது. வாசலைக் காட்டினேன். சரி, கல்லைப் பெயர்த்துத் தூக்குங்கள் என்றால், சிங்க் ஓட்டைக்கு முன்னும் பின்னும் இருக்கிற ஒல்லிப் பகுதி உடைந்தால் தாங்கள் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

அடுத்த வீட்டு அக்கா மகள் வக்கீல். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2008, பிரிவு 54, வேலை தரமாக இல்லாவிட்டால் சரிசெய்யச் சொல்லலாம், இல்லை பணத்தில் நியாயமான பங்கைத் திரும்பக் கேட்கலாம் என்று விரலை மடக்கிச் சொன்னாள். நல்ல சட்டம்தான். "யார்மேல ஆன்ட்டி போடப் போறீங்க?" என்று அவளே கேட்டாள். அங்கேதான் வந்து நிற்கிறது. கல்லில் குறையில்லை. கப்போர்டில் குறையில்லை. குறை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அந்த நடுவுக்கு யாரும் ரசீது கொடுக்கவில்லை.

கடைசியில் நாலு டிராயர் முகப்பையும் குட்டையாக்கி வேறு செய்து தந்தார்கள். பாதிக் காசு என் தலையில். வந்தது பங்குனியில், அதுவும் வேறு வெள்ளையில்! பழைய கதவு லேசாக நீலம் பாய்ந்த வெள்ளை, புது முகப்பு வெண்ணெய் மாதிரி. "அதே கோட் நம்பர்தான் ஆன்ட்டி, பேட்ச் வேற" என்கிறார். ஷோரூம் மஞ்சள் விளக்கில் எல்லா வெள்ளையும் அக்கா தங்கை மாதிரித்தான் இருந்தது. என் ஜன்னல் வடக்குப் பார்த்தது, இந்த ஊரில் அதில்தான் நாள் முழுக்க வெயில். காலை ஒன்பது மணிக்கு வந்து பாருங்கள், ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி தெரியும்.

இன்னொன்று. கல்லுக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு முனையில் மயிரிழைகூட இடைவெளி இல்லை, மறுமுனையில் 14 மில்லிமீட்டர். டைல் போடுகிறவர் மறைத்துவிடுவாராம். அவர் எப்போது வருவார் என்பது தனிக் கதை. அதற்குள் இரண்டு தேக்கரண்டியும் ஒரு முழு ஏலக்காயும் அந்தச் சந்துக்குள் போய்விட்டன.

போன வாரம் இருவருமே வந்து தங்கள் விளம்பரப் பக்கத்துக்காகப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கல்காரர் மேலிருந்து கல்லை மட்டும் எடுத்தார். கப்போர்டுக்காரர் தரையில் மண்டிபோட்டு, பழைய கதவுகளை மட்டும் எடுத்தார். இன்று காலை கப்போர்டுக்காரரிடமிருந்து மெசேஜ். மீதி 10 சதவீதம் எப்போது வரும் ஆன்ட்டி என்று.

ஜஸ்ட் நவ் என்று பதில் போட்டிருக்கிறேன்.