லாபம், ரெண்டு, மூணு

போன ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியில் ஒரு கவிதை வாசிப்பு. பன்னிரண்டு பேர் வாசித்ததில் ஏழு பேர் உலகமயத்தைத் திட்டினார்கள். கோலா வந்தது, பீட்சா வந்தது, ஏகாதிபத்தியக் கழுகு ரெண்டு தடவை சிறகடித்துப் போனது. கை தட்டினோம், டீ குடித்தோம், கிளம்பினோம். பஸ்ஸில் வரும்போதுதான் உறுத்தியது. ஏழு கவிதையிலும் ஒரு சிப்பம், அதாவது ஒரு மூட்டை, நெல்லின் விலை இல்லை.

கவிதையில் விலை எதற்கு என்று கேட்பீர்கள். சந்தையை எதிர்த்து எழுதுகிறவனுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. 1991-க்கு அப்புறம் தாராளமயம், தனியார்மயம், உலகமயம் என்று மூன்று மயம் வந்தன. எங்கள் ஊருக்கு அவை பூதம் மாதிரி வரவில்லை. அறுவடை மிஷினின் மணிக்கணக்கு வாடகையாக வந்தன. யூரியா கேட்டால் கூடவே வேண்டாத ஒரு டப்பாவையும் தலையில் கட்டும் கடைக்காரராக வந்தன.

2025-26-க்கு நெல்லில் பொது ரகம் குவிண்டால் 2500 ரூபாய், சன்ன ரகம் 2545. அதாவது 40 கிலோ சிப்பம் ஏறக்குறைய ஆயிரம். இது அரசுக் கொள்முதல் நிலையத்து விலை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால். 2025 அக்டோபரில் குறுவை நெல் ரோட்டோரம் குவிந்து மழையில் முளைத்தது. அந்த நேரத்தில் வீடு தேடி வந்த வியாபாரி சொன்ன விலைதான் சுதந்திரச் சந்தை. அவருக்குச் சுதந்திரம் இருந்தது. எனக்குத் தார்ப்பாய் இருந்தது, அதுவும் ஓட்டை.

வியாபாரமே பாவம் என்று இந்த மண்ணின் கவிதை சொன்னதில்லை. சங்கப் பாட்டான பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினம் சாதாரண ஊரா? மூட்டைக்குப் புலி முத்திரை குத்தி ஏற்றுமதி இறக்குமதி நடந்த துறைமுகம். அங்கே வணிகர்கள் வாங்கும்போது கூடுதலாக வாங்க மாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள் என்கிறார் அதைப் பாடிய உருத்திரங்கண்ணனார். அளவுதான் அவர் பேச்சு. புதுக்கவிதையைத் தொடங்கிவைத்த கும்பகோணத்து ந. பிச்சமூர்த்திக்கும் ஒரு பெட்டிக்கடைக்காரன் கவிதையில் கிடைத்தான். கழுகெல்லாம் அப்புறம் வந்ததுதான்.

அளவு என்றால் எனக்கு நெல் அடிக்கும் களம் ஞாபகம் வரும். தாத்தா மரக்கால் என்கிற அளவைப் பாத்திரத்தில் நெல் அளக்கும்போது 'ஒன்று' என்று தொடங்க மாட்டார். 'லாபம்' என்பார். அப்புறம்தான் ரெண்டு, மூணு. பன்னிரண்டு மரக்கால் ஆனால் ஒரு கலம். இதை வைத்து நானும் ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். லாபம் என்ற சொல்லைக் கம்பெனிக்காரன் எங்கள் களத்திலிருந்து திருடிக்கொண்டு போய்விட்டான் என்கிற மாதிரி. கோயில் திண்ணையில் வாசித்தேன், எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. நடவுக்குப் போகும் அக்கா ஒருவர் மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டு, "மரக்கா யாரு கையில இருந்துச்சு தம்பி?" என்றார்.

அதற்கப்புறம் அந்தக் கவிதையை நான் எங்கும் வாசிக்கவில்லை.

அரைப்படி நெல் கூலி கூடக் கேட்ட தகராறு முற்றித்தான் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் கூலிக்காரக் குடும்பங்களின் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அப்போது உலகமயம் கிடையாது. நிலத்துக்காரரான மிராசுதார்தான் சந்தை, படியும் அவர் பக்கம்தான். மாயவரத்துக்காரரான ஞானக்கூத்தன் வெண்மணியைப் பற்றி எழுதியது மிகச் சின்னக் கவிதை. விடிந்ததும் ஊர்க்காரர்கள் வந்து சாம்பலில் எது எதன் அஸ்தி என்று பார்க்கிறார்கள். எல்லாவற்றின் அஸ்தியும் கிடைக்கிறது, நாகரிகத்துடையது மட்டும் கிடைக்கவில்லை. ஒரு கோஷம் இல்லை. கணக்கெடுப்புதான். ஏழு பேரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்ட வேண்டும் போலிருக்கிறது. என்னையும் சேர்த்து எட்டு.

பண்பாட்டு ஆதிக்கம் என்றால் பீட்சாதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் சென்னையில் ஒரு கடையில் கருப்புக் கவுனி என்கிற பாரம்பரிய அரிசி பார்த்தேன். காகிதப் பை, சணல் கயிற்றில் முடிச்சு, பையின் மேல் நாலு வரி நடவுப்பாட்டு. எந்த ஊர்ப் பாட்டு, யார் பாடியது என்று தேடினேன், இல்லை. எம்.ஆர்.பி. இருந்தது. நம் பாட்டை நமக்கே விற்கிற அளவுக்குச் சாமர்த்தியம் உள்ள சந்தையைக் கழுகு என்று திட்டினால் அதற்கு உறைக்குமா? அந்தத் திட்டையும் அழகான எழுத்தில் பையில் அச்சடித்துவிடும்.

இயற்கை விவசாயி நெல் ஜெயராமன் இதே மாதிரிப் பாரம்பரிய நெல் ரகங்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார், திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் திருவிழா நடத்தினார். அங்கே விதைக்கு விலை கிடையாது. இரண்டு கிலோ வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். ரெண்டு நாலாவதில் நஷ்டப்பட்ட ஆள் யார் என்று யோசித்துப் பாருங்கள். சந்தைக்கு எதிரான கவிதை எழுத ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு என்னிடம் இருக்கும் பொருள் இதுதான். எனக்கு எழுத வரவில்லை, நாலு தடவை முயன்று கிழித்துப் போட்டாயிற்று.

இப்போது கொள்முதல் நிலையத்தில் எலக்ட்ரானிக் தராசு. வாய்விட்டு எண்ண வேண்டிய வேலையே இல்லை. களத்தில் அளந்து பார்த்த பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். கூலி நெல் அளக்கும்போதும் 'லாபம்' என்றுதான் தொடங்குவார்களா, இல்லை அதற்கு மட்டும் 'ஒன்று' என்றா? அந்த அக்காவிடமே கேட்கலாம். இன்னும் வாய் வரவில்லை.