ஆபீஸை மூடிவைக்கத் தெரிந்த போன்

வேலைக்கான போன் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் பிளாக்பெரி என்கிறார்கள். பிளாக்பெரி பெரிய சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வேலைக்கென்றே நோக்கியா செய்த இ வரிசைப் போன்களை ஒரு வரிகூடச் சொல்லாமல் தாண்டிப் போகும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. நான்கு வருஷத்துக்கு மேல் அந்த வரிசையின் இ71ஐ வைத்துத்தான் என் வேலை ஓடியது. அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ போன்கள் கைக்கு வந்து போயின. வேலை நேரம் வேறு, வீட்டு நேரம் வேறு என்பதை அந்த அளவுக்குப் புரிந்துகொண்ட போனை நான் இன்னொன்று பார்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தக் கதையின் ஆரம்பம் இ வரிசை அல்ல, 1996இல் வந்த நோக்கியா 9000 கம்யூனிகேட்டர். மூடியிருந்தால் கனத்த ஒரு போன். பக்கவாட்டில் பிரித்தால் உள்ளே முழு கீபோர்டும் அகலமான கறுப்புவெள்ளைத் திரையும். எடை 397 கிராம், இன்றைய போன்கள் இரண்டைச் சேர்த்துப் பிடித்த கனம். உள்ளே இன்டெல் 386 வகை சிப், 8 எம்பி மெமரி. இணையம் நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் வரும். அதை வைத்துக்கொண்டு மெயில் பார்க்கலாம், இணையப் பக்கம் திறக்கலாம், முக்கியமாக ஃபேக்ஸ் அனுப்பலாம். ஃபேக்ஸ் என்றால் இன்று இளையவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. அன்று ஒரு ஆர்டரை உறுதி செய்யவும் ஒரு விலைப்பட்டியலை அனுப்பவும், பயணத்தில் இருப்பவர் ஃபேக்ஸ் மெஷின் எங்கே இருக்கிறது என்று தேடிப் போக வேண்டியிருந்தது. அந்த அலைச்சலை இந்தப் போன் தீர்த்தது. 1994இலேயே ஐபிஎம் சைமன் என்ற தொடுதிரை போன் ஃபேக்ஸ் அனுப்பியது உண்டு. ஆனால் அது ஒரே மாடலோடு நின்றுவிட்டது. கம்யூனிகேட்டருக்குத்தான் வாரிசுகள் வந்தார்கள்.

1998இல் வந்த 9110 எடையை 253 கிராமுக்கு இறக்கியது. அடுத்து 9210, கலர் திரையோடும், போனை இயக்கும் அடிப்படை மென்பொருளான சிம்பியனோடும். 2004இல் வந்த 9500இல் வைஃபையும் கேமராவும் சேர்ந்தன. அந்த 9500இல் வைப்ரேஷன் கிடையாது என்பது பலருக்கு மறந்திருக்கும். நாள் முழுக்க மீட்டிங்கில் உட்காருபவர்களுக்காகவே செய்த போனில் அதை ஏன் விட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. கடைசியாக 2007இல் இ90. 3ஜி, ஜிபிஎஸ், வெளியேயும் உள்ளேயும் கலர் திரை என்று எல்லாம் இருந்தது. ஆனால் அதற்குள் அடியில் இருந்த மென்பொருள் வேறாகிவிட்டது. 9500க்கென்றே எழுதிய புரோகிராம்கள் இ90இல் ஓடாது. அந்தப் போனை நம்பித் தங்களுக்கென்று தனியாகப் புரோகிராம் எழுதி வைத்திருந்தவர்கள் முதலில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வேலைக்குக் கருவி வாங்குபவர் முதலில் எதிர்பார்ப்பது, இன்று ஓடுவது நாளையும் ஓட வேண்டும் என்பதைத்தான். அந்த நம்பிக்கையில் விழுந்த பெரிய விரிசல் இது என்று நினைக்கிறேன்.

சரி, இ வரிசைக்கு வருகிறேன். கம்பெனிகளைக் கவனிக்க என்றே 2004இல் நோக்கியா ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தியது. 2005 அக்டோபரில் இ60, இ61, இ70 மூன்றையும் சேர்த்து அறிவித்தார்கள். இ70 ஒரு வினோதமான போன். விரித்தால் திரைக்கு இரண்டு பக்கமும் கீபோர்டு இறக்கை மாதிரி நிற்கும். இ61தான் நேராக பிளாக்பெரியின் களத்தில் இறங்கியது. அதில் கேமரா இல்லை. அப்போது பலரும் இதைக் குறையாக எழுதினார்கள், நான் அப்படிப் பார்க்கவில்லை. கேமரா உள்ள போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் தொழிற்சாலைகளும் ஆய்வுக்கூடங்களும் அன்று நிறைய. அங்கே வேலை பார்ப்பவருக்குக் கேமரா இல்லாத போன்தான் பயன்படும் போன். பின்னால் வந்த இ51ஐயும் கேமரா உள்ளது, இல்லாதது என இரண்டு விதமாக விற்றார்கள். போனை யார், எங்கே வைத்திருப்பார் என்று யோசித்திருக்கிறார்கள்.

இன்னொன்று. வைஃபை வழியாகக் கம்பெனியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சோடு இணைந்துகொள்ளும் வசதி இந்தப் போன்களிலேயே இருந்தது. சரியாக அமைத்துவிட்டால் மேஜைமேல் இருக்கும் எக்ஸ்டென்ஷனுக்கு வரும் அழைப்பு கையில் இருக்கும் போனில் அடிக்கும். தனியாக எதையும் இறக்கிப் போட வேண்டாம்.

மெயிலில்தான் சறுக்கினார்கள். பிளாக்பெரி சொன்னது எளிமையான விஷயம்: கம்பெனியில் எங்கள் சர்வரை வையுங்கள், கையில் எங்கள் போனைக் கொடுங்கள், மெயில் தானாக வரும். நோக்கியா பக்கம் போனால் மெயிலைப் போனுக்குக் கொண்டுவரவே பல மென்பொருள்கள்: மெயில் ஃபார் எக்ஸ்சேஞ்ச் ஒன்று, விலைக்கு வாங்கிய இன்டெல்லிசிங்க் ஒன்று, போதாததற்கு பிளாக்பெரி கனெக்ட் ஒன்று. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்பது வாங்குபவருக்குச் சுதந்திரம் மாதிரித் தெரியும். நூறு போனை ஒரே நாளில் அமைத்துத் தர வேண்டிய ஐடி ஆளுக்கு அது தலைவலி. 2008 தொடக்கத்தில் அந்தத் தனிப் பிரிவே இல்லாமல் போனது. கம்பெனிகளுக்கான சர்வர் மென்பொருளை இனிச் செய்யப்போவதில்லை என்ற அறிவிப்பும் அதே வருஷம் வந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், அதே 2008இல்தான் இந்த வரிசையின் மிகச் சிறந்த போனும் வந்தது.

இ71. 10 மில்லிமீட்டர் தடிமன், 127 கிராம், முன்னும் பின்னும் எஃகு. கையில் எடுத்ததும் சில்லென்று இருக்கும். கீபோர்டின் ஒவ்வொரு எழுத்தும் நடுவில் லேசாக மேடாகியிருக்கும். பொத்தான்கள் சின்னவைதான், ஆனாலும் விரல் எங்கே நிற்கிறது என்று பார்க்காமலே தெரியும். ஒருமுறை ரயிலில் போகும்போது லேப்டாப் கைவிட்டுவிட்டது. மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய அறிக்கை பாதியில் நின்றது. மீதியை அந்தக் கீபோர்டில், ஆவணம் எழுதும் குயிக்ஆபீஸ் மென்பொருளில், விளக்கணைத்த பெட்டியில் மேல் படுக்கையில் படுத்தபடியே தட்டி முடித்தேன். விடிந்து பார்த்தால் பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது.

திரைக்குக் கீழே நான்கு பொத்தான்கள்: முகப்பு, காலண்டர், தொடர்புகள், மெயில். அழுத்தினால் அது அது திறக்கும். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் புதிதாக ஒன்று எழுதத் திறக்கும். அதாவது காலண்டர் பொத்தானைப் பிடித்தால் புது மீட்டிங், மெயில் பொத்தானைப் பிடித்தால் புது மெயில். ஒருவர் எதிரே நின்று “வியாழக்கிழமை பார்க்கலாமா?” என்று கேட்கும்போது அவர் முகத்தைப் பார்த்தபடியே குறித்துக்கொள்ள முடிந்தது. இன்று அதே காரியத்துக்குப் போனைத் திறந்து, ஆப்பைத் தேடி, வழியில் நாலு அறிவிப்புகளைத் தள்ளிவிட்டு வர வேண்டும். அதற்குள் பேச்சு அறுந்துபோகிறது.

அப்புறம் அந்த இரட்டை முகப்பு. இ71இலும் கூடவே வந்த இ66இலும் முகப்புத் திரையை இரண்டாக அமைத்துக்கொள்ளலாம், வேலைக்கு ஒன்று, சொந்த வாழ்க்கைக்கு ஒன்று. ஒன்றில் மெயிலும் மீட்டிங்குகளும். மற்றதில் மெயிலைக் காட்டவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தோற்றமும் குறுக்குவழிகளும்கூட தனித்தனி. மாற்றுவதற்கு முகப்பிலேயே ஓர் இடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை மாற்றுவேன். நீல நிறம் போய் என் மகளின் படம் வரும். மெயில் வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் என் கண்ணில் படாது. நானாகப் போய்த் திறந்தால்தான் உண்டு. திங்கட்கிழமை காலை மறுபடி மாற்றுவேன். நாலு வருஷம் இப்படித்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிம்மதியாகத் தூங்கிய காலம் அது.

1996இல் தொடங்கிய கம்யூனிகேட்டர், ஆபீஸைத் தூக்கிக்கொண்டு போகக் கற்றுக்கொடுத்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த இ71, அதை இறக்கி வைக்கவும் வழி செய்தது. இந்த வரிசையின் மொத்த வளர்ச்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். சிப் வேகமும் கேமராவும் எல்லாப் போனிலும் கூடிக்கொண்டேதான் போயின.

இ71க்குப் பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இ63 அதன் பிளாஸ்டிக் தம்பி. ஸ்பேஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தால் டார்ச் எரியும், அதற்காகவே வைத்திருந்தவர்கள் உண்டு. இ52இல் பேட்டரி நாள்கணக்கில் நின்றது. 2009இன் இ72இல் வேகம் கூடியது, கேமரா 5 மெகாபிக்ஸல் ஆனது. நல்ல போன்தான், ஆனால் இ71இன் அந்த எஃகுக் கட்டுமானம் அதில் இல்லை.

இ7ஐப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கம்யூனிகேட்டரின் வாரிசு என்று வந்தது. 4 அங்குலத் தொடுதிரை, அதைத் தள்ளினால் கீழே அழகான கீபோர்டு. பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் இ90இலும் இ71இலும் 1500 எம்ஏஎச் பேட்டரி இருந்த இடத்தில் இ7க்கு 1200. அதையும் நாமாகக் கழற்றி மாற்ற முடியாது. மெமரி கார்டு போட இடம் இல்லை. கேமரா 8 மெகாபிக்ஸல், ஆனால் ஃபோகஸ் நிலையானது, பக்கத்தில் இருப்பதைக் கூர்மையாக எடுக்காது. வேலைக்குப் போகிறவர் போனில் எடுப்பதில் முக்கால்வாசி விசிட்டிங் கார்டும், ரசீதும், கையெழுத்துப் போட்ட காகிதமும்தான். அதைத்தான் அந்தக் கேமராவால் ஒழுங்காக எடுக்க முடியாது. இ61இல் கேமராவே வேண்டாம் என்று முடிவு செய்யும் அளவுக்கு யோசித்தவர்கள், இ7இல் எந்தக் கேமரா வேண்டும் என்று யோசிக்கவில்லை.

இ7 விற்பனைக்கு வந்தது 2011 பிப்ரவரியில். அதே மாதம் 11ஆம் தேதி, இ7 ஓடிய சிம்பியனை விட்டு, இனி எங்கள் ஸ்மார்ட்போன்களுக்கு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் மென்பொருள்தான் என்று நோக்கியா அறிவித்தது. புதிதாக வந்த போனுக்கு அதைவிடக் கெட்ட நேரம் வர முடியாது. அதன்பின் வந்த இ6, தொடுதிரையும் கீபோர்டும் சேர்ந்த ஒரு அருமையான சின்னப் போன். அதைக் கவனிக்க அப்போது யாரும் இல்லை.

ஐபோன் வந்தது, தொடுதிரை வந்தது, இது போனது என்று முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அது பாதி உண்மை. போனைத் தேர்ந்தெடுப்பவர் மாறிப்போனார் என்பதுதான் மீதி. முன்பு கம்பெனி வாங்கிக் கையில் கொடுத்தது. பிறகு அவரவர் தனக்குப் பிடித்த போனைச் சொந்தக் காசில் வாங்கி, ஆபீஸ் மெயிலையும் இதிலேயே போட்டுக் கொடுங்கள் என்று ஐடியிடம் நீட்ட ஆரம்பித்தார். ஒரே போனில் இரண்டு வாழ்க்கை என்பது அதோடு எல்லோருக்கும் ஆகிவிட்டது. அதைப் பிரித்து வைக்கத் தெரிந்த வரிசைதான் அந்த நேரத்தில் மிகவும் தேவைப்பட்டிருக்கும். அப்போது பார்த்து அது இல்லாமல் போனது.

அந்த யோசனை சாகவில்லை. 2013இல் பிளாக்பெரி 10, வேலைக்கும் சொந்த உபயோகத்துக்கும் தனித்தனி இடம் வைத்தது. ஆண்ட்ராய்டில் வேலைப் பகுதி என்று தனியாக வந்து, அதை நிறுத்தி வைக்கவும் முடிகிறது. 2021இல் ஐஓஎஸ் 15, நேரத்துக்கு ஏற்ப வேறு வேறு முகப்புப் பக்கம் காட்டக் கற்றுக்கொண்டது. எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். பாதுகாப்பில் இவை இ71ஐவிடப் பல மடங்கு மேல்.

ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் திரும்பவில்லை. காரணத்தைப் போன்மீது போட முடியாது. அன்று வேலை மெயில் என்ற ஒரே வாசல் வழியாக வந்தது, அதைச் சாத்தினால் போதும். இன்று ஆபீஸ் குழுவும் குடும்பக் குழுவும் ஒரே சாட் ஆப்பில் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கின்றன. அக்கா அனுப்பிய படத்தைப் பார்க்கப் போனால் மேலாளர் கேட்ட கணக்கும் கண்ணில் படுகிறது. இன்று அந்த இ71ஐயே கையில் கொடுத்தாலும் இது தீராது.

அதனால் போன மாதம் என் குழுவில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டேன். சாயங்காலம் ஏழுக்கு மேல் வேலை விஷயம் எதுவானாலும் மெயிலில் மட்டும் போடுங்கள், நிஜமாகவே அவசரம் என்றால் கூப்பிடுங்கள், சாட்டில் வேண்டாம். எல்லோரும் சரி என்றார்கள். இந்த ஐந்து வாரத்தில் ஏழுக்கு மேல் எனக்கு வந்த அழைப்பு இரண்டுதான்.