அல்சர் விஷயத்தில் எது மாறியது?

"நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று வேறொன்று சொல்கிறார்கள். இதையெல்லாம் எப்படி நம்புவது?" அறிவியல் பற்றிப் பேச்சு வந்தாலே இப்படிக் கேட்கிறவர்கள் நிறைய. நியாயமான கேள்விதான். ஆனால் எது மாறியது, எது அப்படியே நின்றது என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகக் கையை விரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அல்சரையே எடுத்துக்கொள்வோம்.

1980 வாக்கில் அல்சர் என்றால் அமிலம், மனக்கவலை, காரமான சாப்பாடு என்றுதான் மருத்துவர்களே சொன்னார்கள். அமிலத்தைக் குறைக்க மாத்திரை கொடுப்பார்கள்; நிறுத்தினால் புண் திரும்ப வரும். சிலருக்கு இரைப்பையில் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தார்கள். அவ்வளவு அமிலத்தில் கிருமி எதுவும் தங்காது என்பது அன்றைய பாடம்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1979இல் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர், இரைப்பைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது வளைந்த பாக்டீரியாக்கள் தெரிந்தன. வெள்ளிச் சாயம் ஏற்றியதும் இன்னும் பளிச்சென்று தெரிந்தன. 1981இல் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார். கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கப் பார்த்தார்கள், வளரவே இல்லை. இரண்டு நாளில் ஒன்றும் வளராவிட்டால், கிருமி வளர்க்கும் தட்டைத் தூக்கிப் போடுவது அங்கே வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை எடுக்க ஆளில்லாமல் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருக்கிறது!

எனக்கு இந்த இடம்தான் ரொம்ப முக்கியம். கிருமி எப்போதும் அங்கேயேதான் இருந்தது. எத்தனை நாள் காத்திருப்பது என்ற வழக்கம் மாறியதும் கண்ணில் பட்டது. விடை மாறுவதற்கு முன்னால் தேடும் முறை மாற வேண்டியிருந்தது.

அப்படியும் யாரும் லேசில் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி. சோதித்ததில் இரைப்பை அழற்சி. அது புண் வரை போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, இந்தக் கிருமி உள்ள அல்சர்காரர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று பரிந்துரைக்க 1994 ஆனது. இருவருக்கும் நோபல் பரிசு 2005இல்.

சரி, பழையதெல்லாம் பொய்யா? இல்லை. இன்றைய சிகிச்சையிலும் ஆன்டிபயாடிக்கோடு அமிலம் குறைக்கும் மாத்திரை உண்டு. வலி மாத்திரைகளாலும் அல்சர் வருகிறது, அதற்குக் கிருமி தேவையில்லை. அமிலம் புண்ணை அரிப்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. அதற்கு இடம் கொடுப்பது எது என்பதில்தான் பார்வை மாறியது. நம் வகுப்பறைகளுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இந்தக் கிருமியின் பெயர் மட்டும் ஒரு மதிப்பெண் விடையாக வந்து சேர்ந்தால் போதாது. அந்தத் தட்டுகளின் கதையும் வர வேண்டும்.

இப்போது சில ஆன்டிபயாடிக்குகளுக்கு இந்தக் கிருமி மசிவதில்லை, அதனால் மருந்துக் கூட்டணியும் மாறிக்கொண்டிருக்கிறது. அப்புறம் ஒன்று: வருடக்கணக்காகக் கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறவர்கள், இந்தக் கிருமிக்குச் சோதிக்க வேண்டுமா என்று ஒருமுறை மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சை ஊதியே கண்டுபிடிக்கிற சோதனை இருக்கிறது.