தீவனத்தொட்டி 23-ந் தேதி காலியாகத்தான் இருக்கும்

நம் ஊர்க் கிறிஸ்மஸ் குடில் போட்டிக்கு மார்க் போட வந்தவர்கள், கையாலேயே குடில் கட்டிய ஒரு சந்துப் பிள்ளைகளிடம் என்ன கேட்டார்கள் என்பது இந்நேரம் ஊருக்கே தெரியும். வீடியோ எல்லார் போனிலும் கிடக்கிறது. முதல் பரிசு யாருக்கு என்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அது கமிட்டியின் விருப்பம். ஆனால் "குழந்தை ஏசுவைக் காணோமே, சுரூபம் (சிலை) இல்லாம என்ன குடில்?" என்று கேட்டு மார்க்கைக் குறைத்தார்கள். குழந்தையைப் பார்க்க வரும் ராஜாக்கள் மூன்று பேரும் தள்ளி ஒரு மூலையில் நிற்கிறார்கள் என்று மறுபடியும் குறைத்தார்கள். பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

போட்டி நடந்தது 23-ந் தேதி. அன்றைக்குக் குழந்தையைக் கிடத்தும் தீவனத்தொட்டி காலியாகத்தான் இருக்கும். 24 நடுராத்திரி பூசையோடுதான் குழந்தை ஏசுவை வைப்பது. ராஜாக்கள் வந்து சேருவது ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் என்கிற திருக்காட்சித் திருநாளுக்கு. அதுவரை அவர்களைத் தூரத்தில் நிறுத்தி, தினமும் கொஞ்சம் நகர்த்தி வைப்பது பழைய வீடுகளில் சின்னப் பிள்ளைகளின் வேலை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று இத்தாலியில் இருக்கிற கிரேச்சோவுக்கே போய்க் கையெழுத்திட்ட, குடிலைப் பற்றிய மடலிலும் இந்த வரிசைதான் இருக்கிறது: கிறிஸ்மஸுக்குக் குழந்தை, திருக்காட்சித் திருநாள் நெருங்கும்போது ராஜாக்கள். அந்தக் கிரேச்சோ ஊரில்தான் 1223-இல் அசிசியின் புனித பிரான்சிஸ் முதன்முதலாகக் குடில் அமைத்தார். அங்கே சுரூபமே கிடையாது. வைக்கோல் நிரப்பிய தீவனத்தொட்டி, ஒரு காளை, ஒரு கழுதை, அவ்வளவுதான். நம் ஊர்ப் போட்டிக்கு வந்திருந்தால் அவருக்கும் மார்க் குறைத்திருப்பார்களா என்று உண்மையாகவே கேட்கிறேன்.

சரி, அதை விடுங்கள். என்னை வருத்துவது வேறு. அந்தக் குடிலில் எத்தனை வேலை இருக்கிறது என்று ஒருத்தர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. மார்க் கையின் வேலைக்கு விழ வேண்டும். இதைத்தான் சொல்ல வந்தேன், திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்லப் போகிறேன்.

குடிலுக்காக நெல்லை முளைக்கவைத்து வளர்க்கிற புல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டடிக்கு மூன்றடி இடத்துக்கு அரைக் கிலோ விதைநெல் வேண்டும். கடையில் கிடைக்கிற எந்த நெல்லும் ஆகாது, அவித்த நெல் முளைக்கவே முளைக்காது. கன்னிப்பூ (முதல் போக) அறுவடையில் எடுத்து வைத்த நெல் டிசம்பருக்குச் சரியாக வரும். இப்போது பாதி ஏலா (வயல்வெளி) வாழைத்தோட்டமாகிப் போனதால் அந்த நெல்லுக்கே பிள்ளைகள் அலைய வேண்டியிருக்கிறது. 10-ந் தேதி வாக்கில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, ஈரச்சாக்கில் கட்டி வைத்தால் ஒன்றரை நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். ஒரு தட்டில் ஓரங்குல மண் போட்டு அதில் நெருக்கமாகப் பரப்பி, இரண்டு நாள் ஈரத்துணியால் மூடி, பிறகு திறந்து காலையிலும் மாலையிலும் தெளிக்க வேண்டும். ஊற்றக்கூடாது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி நாறும். வெயிலில் வைக்காவிட்டால் புல் வெளிறி நீண்டு, தொட்டதும் சாயும். டிசம்பரில் மழை மூடாப்பு விடாமல் நின்றால் தட்டை வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக நாள் போகும். 1-ந் தேதியே ஊறப்போட்டால் கிறிஸ்மஸுக்குள் அளவுக்கு மீறி வளர்ந்து மடங்கிவிடும். 18-ந் தேதி போட்டால் வெறும் முளைதான் மிஞ்சும். அந்தப் பிள்ளைகளின் புல் நான்கு விரல் உயரத்தில், ஒரே பச்சையாக, ஒரு திட்டுகூட இல்லாமல் நின்றது. அது தானாக வராது.

மலையைப் பார்த்தீர்களா? கல்லடுக்கி, சாக்கைக் களிமண் கரைசலில் முக்கிப் போர்த்தி, அது காய்கிறதுக்குள் கேழ்வரகைத் தூவியிருக்கிறார்கள். சரிவில் நெல் நிற்காது, உருண்டுவிடும். கேழ்வரகின் வேர் சாக்கு நூலுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், ஒரு வாரத்தில் பச்சை பிடிக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்கிறது. "பழைய மாடல்" என்று சொல்லிவிட்டுப் போன நடுவருக்குத் தெரியுமா?

கூரைக்கு வைக்கோல். அடியிலிருந்து மேலே கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் பாதிக்கு மேல் ஏறிக் கிடக்கிறது. மாற்றிக் கட்டினால் முதல் மழைக்கே ஒழுகும். சரிவைச் செங்குத்தாக வைத்திருந்ததால்தான் 21-ந் தேதி மழையில் உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. காசு கொடுத்து இறக்கி முதல் பரிசு வாங்கிய பைபர் குடிலை அன்றைக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மேலே தொங்கிய நட்சத்திரமும் அவர்கள் கட்டியதுதான். மூன்றடி மூங்கில் வாரி (சிம்பு) பத்து, ஐந்தைந்தாகச் சேர்த்து இரண்டு தட்டை நட்சத்திரம். ஒவ்வொரு வாரியிலும் இரண்டு முனையிலிருந்தும் பதின்மூன்றே முக்கால் அங்குலத்தில் குறி போட்டு, அந்தக் குறியில்தான் வாரிகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்க வேண்டும். குறி அரை அங்குலம் தவறினாலும் ஒரு கை நீண்டு இன்னொன்று குறுகி நொண்டும். இரண்டையும் முனைகளில் கட்டி, உள்ளே அந்த ஐந்து சந்திப்பிலும் ஆறு ஏழு அங்குலக் குத்துக்கால் கொடுத்தால் நடு உப்பி வரும். இளமூங்கில் என்றால் காய்ந்ததும் வளைந்து கட்டு தளரும். எங்கள் பக்கத்தில் ஒரு ஆசாரி இதற்காகவே குறி வெட்டிய கம்பு ஒன்றை உத்தரத்தில் சொருகி வைத்திருப்பார். நவம்பர் கடைசியில் பிள்ளைகள் வந்து கேட்பார்கள், எடுத்துக் கொடுப்பார், திரும்ப வாங்கிச் சொருகுவார். அந்தக் கம்பு இப்போது எங்கே என்று அவர் வீட்டிலேயே யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அதுதான் வலிக்கிறது.

பசை மரச்சீனி (மரவள்ளி) மாவில் காய்ச்சியது, பூச்சி அரிக்காமல் இருக்கத் துரிசு (மயில்துத்தம்) ஒரு சிட்டிகை. அது விஷம், பெரியவர்கள்தான் கலக்க வேண்டும். பனிக்குப் பசை இளகும், அதனால் கலர் பேப்பரின் மேல் கண்ணாடிப் பேப்பர். முன்பெல்லாம் நாற்பது வாட் குண்டு பல்பு, காகிதத்தில் முட்டினால் கருகும். அதற்காகத்தான் அந்தக் குத்துக்கால் அளவே. இப்போது ஏழு வாட் எல்இடி போதும்.

"கடையில் வாங்கினா பாவமா? வேலைக்குப் போறவங்களுக்கு நேரம் எங்க இருக்கு?" என்று கேட்பீர்கள். வாங்குங்கள். வீட்டில் வையுங்கள், ஜெபம் சொல்லுங்கள், ஒருத்தரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் போட்டி என்று பெயர் வைத்தால் எதில் போட்டி என்று சொல்ல வேண்டும். காசு கொடுத்து இறக்கிய மலைக்கும் மோட்டார் அருவிக்கும் முதல் பரிசு என்றால், அடுத்த வருஷம் அந்தச் சந்துப் பிள்ளைகள் நெல் ஊறப்போட மாட்டார்கள். வீட்டில் காசு கேட்பார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளை ஒதுங்கிப் போய்விடும். இது ஒரு வருஷத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

"உன் பிள்ளை தோத்ததுக்கா இந்தப் பதிவு?" என்று ஒருத்தர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தர்கூட எனக்குச் சொந்தம் இல்லை.

"நடுவர்களும் மனுஷங்கதானே, தெரியாமச் சொல்லிட்டாங்க" என்பது நியாயம். தெரியாதது தப்பில்லை. பிள்ளைகளிடம் கேட்டிருக்கலாமே! "ஏன் மக்களே காலியா வச்சிருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை அன்பாகக் கேட்டிருந்தால் அவர்களே விளக்கமாகச் சொல்லியிருப்பார்கள். காணோமே என்று அதட்டினால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

குடிலோடு இது நிற்கவில்லை என்பதுதான் என் கவலை. கிறிஸ்மஸ் பலகாரமான முந்திரிக்கொத்தும் பாக்கெட்டில் வருகிறது. சிறுபயறை வறுத்து உடைத்து, பாகு காய்ச்சி உருட்டி, பச்சரிசி மாவில் முக்கிப் பொரிக்கிற அந்த நாள், வீட்டில் எல்லார் கைக்கும் வேலை இருந்த நாள். பாகு இளசாக இருந்தால் உருண்டை எண்ணெயில் பிரியும், அதைப் பதம் பார்க்கப் பாட்டி வேண்டும். உருட்டப் பிள்ளைகள் வேண்டும். கூரைக்கு வெட்டி மிஞ்சிய தென்னோலையில் பீப்பியும் பந்தும் பின்னிக்கொண்டு, பந்துக்குள் ஒரு கல்லைப் பொதிந்து எறிந்து விளையாடியதற்கு யாரும் காசு செலவழிக்கவில்லை. குடில் கட்டுகிற வேலையே அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது. இப்போது குடிலுக்கு முன்னால் நின்று செல்பி எடுப்பதைத் தவிரப் பிள்ளைகளுக்கு நாம் என்ன விட்டுவைத்திருக்கிறோம்?

கமிட்டிக்காரர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த வருஷத்து மார்க் தாளுக்கு என் யோசனையை எழுதிவிடுகிறேன். புல்லுக்கு 20. கூரைக்கும் மலைக்கும் சேர்த்து 20. கையால் கட்டிய நட்சத்திரத்துக்கு 20. மீதி 40, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் பிள்ளைகள் சொல்கிற பதிலுக்கு. அப்படிக் கேட்கத் தெரிந்த பெரியவர்கள் கிடைக்கவில்லை என்றால், ஒரு தெருப் பிள்ளைகளை அடுத்த தெருவுக்கு நடுவராக அனுப்புங்கள்.