லேசர் அணுக்கருவைப் படம் பிடிப்பதில்லை

"லேசரை அணுக்கருவின் மேல் பாய்ச்சி அதன் ஆரத்தை நேரடியாக அளந்துவிட்டார்கள்" என்று சிலர் எழுதுவது தவறு. பாதரசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பயன்படும் புற ஊதா ஒளியின் அலைநீளம் சுமார் 254 நானோமீட்டர். கருவின் ஆரமோ ஐந்தரை ஃபெம்டோமீட்டருக்குச் சற்றுக் குறைவு (ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது நானோமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). கோடிக்கணக்கான மடங்கு பெரிய அலையை வைத்துக் கருவைப் பார்க்கவே முடியாது.

லேசர் தொடுவது எலக்ட்ரானைத்தான். எஸ் வகை எனப்படும், கோள வடிவில் கருவைச் சூழ்ந்திருக்கும் எலக்ட்ரான் கருவுக்குள்ளும் கொஞ்சம் புகுந்து வரும். கரு பெரிதானால் எலக்ட்ரானின் பிணைப்பு இம்மி தளரும், அது உறிஞ்சும் அதிர்வெண்ணும் நகரும். லேசரின் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போனால், சரியான இடத்தில் எலக்ட்ரான் ஒளியை உறிஞ்சும்; அப்படி உறிஞ்சிய அணுக்களிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்றுவதால், அயனிகளின் (எலக்ட்ரானை இழந்த அணுக்களின்) எண்ணிக்கை சட்டென ஏறும். ஐசோடோப்புக்கு (ஒரே தனிமத்தின், நியூட்ரான் எண்ணிக்கை வேறுபட்ட வகை) ஐசோடோப்பு அந்த இடம் மாறுகிறது.

சரி, இதிலிருந்து கிடைப்பது என்ன? அந்த நகர்வில் நிறை வேறுபாட்டின் பங்கைக் கழித்த பிறகு, இரண்டு ஐசோடோப்புகளின் சராசரி வர்க்க ஆர (ஆரத்தின் வர்க்கத்துக்கு எடுத்த சராசரி) வித்தியாசம் மட்டுமே. முழு ஆரத்துக்கு எலக்ட்ரான் சிதறலோ (எலக்ட்ரான்களைக் கருவில் மோதவிட்டு அவை சிதறுவதை அளப்பது) மியுவான் அணுக்களின் (எலக்ட்ரானுக்குப் பதில் அதைவிடக் கனமான மியுவான் துகள் சுற்றும் அணுக்கள்) எக்ஸ் கதிரோ வேண்டும்.

அந்த வித்தியாசமே எவ்வளவு சொல்கிறது பாருங்கள்! பாதரசம் 182-இல் (புரோட்டான், நியூட்ரான் மொத்தம் 182) ஒரு நியூட்ரானைக் குறைத்தால் 181-இன் கரு சுருங்கவில்லை, நீண்டு பெரிதாகிறது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் ஆய்வகத்தின் ஐசோல்டே கூடத்தில் கண்டது இது.