பட்டாசுக் கட்டுப்பாடு கடையிலிருந்து தொடங்கட்டும்

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தொடங்கும் பட்டாசு விவாதம், பண்டிகைக்கு மறுநாள் நாளிதழில் காற்று மாசு அளவைப் படித்ததோடு ஓய்ந்துவிடுகிறது. காலை 6 முதல் 7 மணி வரை, இரவு 7 முதல் 8 மணி வரை என்று தமிழ்நாடு அரசு 2018 முதல் ஒதுக்கிவரும் நேரத்தை மீறி வெடித்தவர்கள் மீது காவல்துறை வழக்குப் பதிகிறது. அந்த வழக்குகளில் சிக்குவோர் பெரும்பாலும் தெருவில் வெடித்த சாதாரண மனிதர்கள். தடைசெய்யப்பட்ட சரக்கை அவர்களுக்கு விற்றவரிடம் எவரும் கேள்வி கேட்பதில்லை. கட்டுப்பாட்டை நாம் தவறான முனையிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் கருத்து.

புதிதாகச் சட்டம் எதுவும் இயற்றத் தேவையில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு சரவெடிகளின் தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு மூன்றையும் தடைசெய்தது. பச்சை நிற ஒளிக்காகச் சேர்க்கப்படும் பேரியம் உப்பைப் பயன்படுத்தக் கூடாது என்றது. இணைய வழி விற்பனைக்கும் தடை விதித்தது. சரவெடிக்கும் பேரியத்துக்கும் விலக்குக் கேட்டுத் தயாரிப்பாளர்கள் மீண்டும் முறையிட்டபோது, 2023 செப்டம்பரில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. ஆயினும் ஐப்பசி பிறந்ததும் பத்தாயிரம் வாலா சரவெடி கடை வாசலிலேயே அடுக்கப்படுகிறது. ‘80 சதவீதத் தள்ளுபடி’ என்ற விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் வலம்வருகிறது. ஆர்டர் என்று சொன்னால் சிக்கல் என்பதால் ‘எஸ்டிமேட்’ என்று பெயர் சூட்டிப் பணம் வாங்கிக்கொண்டு லாரியில் அனுப்பிவைக்கிறார்கள். இதிலேயே போலி இணையதளம் நடத்திப் பணத்தைச் சுருட்டும் கும்பல்களும் உண்டு.

ஒலி அளவுக்கான விதியைப் பாருங்கள். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. அந்த அளவீடு திறந்தவெளிக்கு உரியது. நம் நகரங்களில் எத்தனை தெருக்கள் பன்னிரண்டடி அகலம் மட்டுமே கொண்டவை! அங்கே நடுத்தெருவில் வைத்த வெடிக்கும் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கும் முதியவருக்கும் இடையே அந்த 4 மீட்டர் கிடைக்கவே கிடைக்காது. விதிக்கு உட்பட்ட வெடிகூட அத்தகைய தெருவில் விதியை மீறியதாகிவிடுகிறது. பசுமைப் பட்டாசு என்ற முத்திரையும் இதற்கு மருந்தாகாது; அது புகையைக் குறைப்பதாகச் சொல்லப்படுகிறதே அன்றி, ஓசையில்லாத பட்டாசு அல்ல.

தீபாவளியையாவது ஒரு நாள் கொண்டாட்டம் என்று பொறுத்துக்கொள்ளலாம். கட்சித் தலைவருக்கு வரவேற்பு, புதுப்பட வெளியீடு, காதணி விழா, இறுதி ஊர்வலம் என்று ஆண்டு முழுவதும் வெடிக்கப்படும் சரவெடிக்கு எந்த நேரக் கட்டுப்பாடு இருக்கிறது? அண்மையில் ஓர் அரசு மருத்துவமனைக்கு அருகே இறுதி ஊர்வலம் ஒன்றைக் கண்டேன். சரவெடிச் சுருளைத் தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டிருந்த இளைஞர், அதிலிருந்து துண்டு துண்டாகப் பிரித்துச் சாலையின் நடுவே போட்டுக் கொளுத்திக்கொண்டே நடந்தார். அவருடைய மறு கையில் எரியும் ஊதுவத்திக் கட்டு இருந்தது. ஒதுங்க இடமின்றி நின்ற இருசக்கர வாகனத்தின் பெட்ரோல் டேங்க் மீது உட்கார்ந்திருந்த சிறுமி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அழுதாள். மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். துக்க வீட்டாரிடம் சட்டம் பேச எந்தக் காவலருக்கும் மனம் வராது என்பது எனக்கும் புரிகிறது. அதனால்தான் அந்தச் சரக்கு அவர்கள் கைக்கு வருவதற்கு முன்பே தடுக்கப்பட வேண்டும் என்கிறேன்.

தற்காலிகக் கடைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி, எளிதில் தீப்பற்றாத பொருளால் கொட்டகை அமைய வேண்டும். கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி வேண்டும். கடைகள் எதிரெதிரே இருக்கக் கூடாது. விளக்கை ஒயரில் தொங்கவிடக் கூடாது. உங்கள் ஊர்த் திடலில் இவற்றில் எத்தனை பின்பற்றப்படுகின்றன என்று ஒரு மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். 2021 அக்டோபரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரம் கடைவீதியில் பட்டாசு இருப்பு வைத்திருந்த கடை வெடித்துப் பல உயிர்கள் போயின. 2023 அக்டோபரில் ஓசூரை ஒட்டிய அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு எரிந்து 14க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் பண்டிகைக் கால வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள்.

சிவகாசியின் பிழைப்பு என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2012இல் அங்கே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்த பிறகும், ஒவ்வொரு விபத்தையும் தொடர்ந்து உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விட்டதும், அளவுக்கு மேல் ஆட்களை ஓர் அறையில் அமர்த்தியதும், மருந்துக் கலவையில் நேர்ந்த உராய்வும் செய்தியாக வந்துகொண்டே இருக்கின்றன. கண்காணிப்பில்லாத சந்தை, முறையாக ஆலை நடத்துபவரையும் வீட்டுக்குள் திருட்டுத்தனமாகத் திரி ஏற்றுபவரையும் ஒரே விலைப் போட்டியில் நிறுத்துகிறது. கண்டிப்பான விற்பனை விதி தொழிலாளிக்குப் பாதுகாப்பே தவிர, பகை அல்ல.

ஆகவே ரசீது இல்லாமல் ஒரு பெட்டியும் விற்கப்படக் கூடாது. ரசீதில் ஆலையின் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். கட்சி, கோயில், திரையரங்கு என எவர் மொத்தமாக வாங்கினாலும் முன் அனுமதி காட்ட வேண்டும். பட்டாசு வெடிக்க வார்டுக்கு ஒரு திறந்தவெளியை உள்ளாட்சி அமைப்பு ஒதுக்கித் தர வேண்டும். சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகப் பட்டாசையே ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை.

இக்கோரிக்கைகளை ஒரு பக்க மனுவாக எழுதிக் கையெழுத்துத் திரட்டி வருகிறோம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுப்பதாக எண்ணம். கிராமங்களில் இருப்பவர்கள் இதையே அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். தீபாவளி வியாபாரம் சூடுபிடிக்கும் காலமும் அதுதான். மனுவின் நகல் வேண்டுவோர் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.